மை புகாத வளையம்

ஆண்கள் வார்டில் காலைச் சுற்றின்போது எவரும் 'தலை வலிக்கிறது' என்று சொல்வதில்லை. அப்படியொரு விதி சுவரில் எழுதப்பட்டிருக்கவில்லை. எந்தச் செவிலியும் அதைச் சொல்லித் தந்ததில்லை. ஆயினும் கட்டில்களுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவியரும் தாய்மாரும் சகோதரிகளும் வந்த முதல் நாளிலேயே அதைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, "தலை எப்படி இருக்கு?" என்று கேட்டால், "குறைஞ்சிருக்கு" என்பதே விடை. நோயாளிக்குப் பேச்சு வராவிட்டால் துணைக்கு இருப்பவர் சொல்லுவார். வலிக்கிறது என்று சொல்லிவிட்டால் அந்தக் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுக்கப்படும். துணி மூடிய தட்டு வரும். முதுகில் நீண்ட ஊசி இறங்கும். ஊசி இறங்கியவர் எவரும் எழுந்து நடந்ததை அந்த வார்டு பார்த்ததில்லை, அல்லது பார்த்ததாக ஒப்புக்கொண்டதில்லை.

எனெலேசிக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஜன்னலோரக் கட்டில். அங்கே கிடந்த பெரியவரின் மகள், ஷீரே ஆற்றங்கரைப் பக்கத்துப் பெண், விவரம் தெரியாமல், "ரொம்ப வலிக்குதுங்க ஐயா, பல்லைக் கடிச்சிக்கிட்டே கிடக்காரு" என்று சொல்லிவிட்டாள். கஞ்சி கலக்கிக்கொண்டிருந்த கரண்டிகள்கூட நின்றுபோயின. திரை இழுக்கப்பட்டது. மாலைக்குள் அந்தப் பெரியவரின் முகத்தின்மேல் மகளுடைய இடுப்புத் துணியே போர்வையாக ஏறியிருந்தது. அவள் அழுதபடி பானைகளைக் கட்டும்போது பக்கத்துக் கட்டில் டொரிகா, தன் மகனுக்கு விசிறிக்கொண்டே, எனெலேசியின் பக்கம் திரும்பி, "பார்த்துக்கிட்டியா?" என்றாள். அதற்குமேல் அவள் விளக்கவில்லை. விளக்க வேண்டியும் இருக்கவில்லை.

எனெலேசியின் கணவன் மசாவுகோ தேயிலைத் தோட்டத்து லாரியில் நினைவிழந்த நிலையில் இங்கே வந்து சேர்ந்தவன். எச்.ஐ.வி. மாத்திரையை மழைக்காலத் தொடக்கத்திலேயே நிறுத்தியிருந்தான். கொழுந்து பறிக்கும் வரிசையில் நிற்கும்போது சட்டைப் பையில் மாத்திரைச் சீசா கிலுகிலுப்பது மற்றவர் காதில் விழுகிறதாம். அவன் சொன்ன காரணம் அதுதான். பிறகு தலைவலி வந்தது. அதன்பின் ஒரு நாள் கூடையோடு சரிந்து விழுந்தான். லாரிக்காரர்கள் அவனை அவசரப் பிரிவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். மக்காச்சோள மாவும் பானையும் கரி மூட்டையுமாக எனெலேசி மினிபஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அவன் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "சுட்ட சோளம் கொண்டாந்தியா, மாயேசோ அம்மா?" என்று, பிள்ளையின் பெயரைக் கொண்டே அவளை அழைத்துக் கேட்டான். முதுகு கடுக்கிறது என்றும் சொன்னான். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். தண்டுவடத்தின் நடுவே, நகமளவுக்கு, ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி.

வேண்டாமென்று சொல்ல ஆளில்லாத நேரத்தில் ஊசி போட்டுவிட்டார்கள். அவள் அந்தப் பிளாஸ்திரியை உரித்து, சமையல் கொட்டகையில் யாரும் பார்க்காத சமயம் அடுப்புக்குள் போட்டாள். வார்டில் எவருக்கும் தெரியாது. மசாவுகோவின் தாய்மாமனுக்கும் தெரியாது.

தாய்மாமன் கலிம்புகா, ஏரிக்கரை ஊரிலிருந்து தொலைபேசியில் பேசினார்.

"பொண்ணே, நான் வர்ற வரைக்கும் அவன் முதுகுல ஒருத்தனும் கை வைக்கக் கூடாது. உன் ஊர்ல வந்து குடியிருந்தாலும் அவன் எங்க வீட்டுப் பிள்ளை. அவன் உடம்புக்கு என் அக்காகிட்ட நான்தான் பதில் சொல்லணும். நீ சோறாக்கிப் போட்டாப் போதும்."

"சரிங்க மாமா."

"தலை?"

"குறைஞ்சிருக்குங்க மாமா."

முதல் சில நாள்கள் அது பொய்யாகவும் இருக்கவில்லை. மஞ்சள் நிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அவன் களியில் பாதியைத் தின்றான். பிறகு வலி, வெளியே போய்விட்டுத் தன் வீட்டுக்குத் திரும்புகிறவனைப்போல, எந்தத் தயக்கமும் இல்லாமல் திரும்பி வந்தது. மசாவுகோ கத்தவில்லை. அவனுக்கும் விதி தெரிந்திருந்தது. தலையணையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

வியாழக்கிழமை காலை வெயில் கட்டிலின் குறுக்கே விழுந்திருந்தபோது, "விளக்கைப் போடச் சொல்லு" என்றான்.

எனெலேசி கையை அவன் முகத்துக்கு நேரே அசைத்துப் பார்த்தாள். இமை அசையவில்லை.

"மாயேசோ அம்மா?"

"இங்கதான் இருக்கேன்."

"இன்னும் விடியலையா?"

டொரிகா எட்டிப் பார்த்தாள், பார்த்ததும் புரிந்துகொண்டாள். குரலைத் தாழ்த்தி, கஞ்சிக்கு உப்புப் போடச் சொல்லும் தோரணையில், அவள் சொன்னாள்:

"டாக்டரு விரலைக் காட்டுவாரு. நீ போர்வைக்குள்ள கையை விட்டு உள்ளங்காலைப் பிடிச்சிக்கோ. எத்தனை விரலோ அத்தனை அழுத்து. எல்லாரும் அப்படித்தான் செய்யுறோம், தங்கச்சி. முழிக்காத."

எனெலேசி குனிந்து அதை மசாவுகோவின் காதில் சொன்னாள்.

டாக்டர் என்று எல்லோரும் அழைத்த யாங்கோ உண்மையில் ஓர் இளம் மருத்துவ அலுவலர். இரண்டு வார்டுகளுக்கும் அவர் ஒருவரே. ஓடுகிறவர்போலவே நடந்து வந்தார்.

"தலை எப்படி இருக்கு?"

"குறைஞ்சிருக்குங்க ஐயா," என்றாள் எனெலேசி.

"குறைஞ்சிருக்கு," என்றான் மசாவுகோ, அவர் நிற்காத திசையைப் பார்த்துப் புன்னகைத்தபடி.

"இது எத்தனை?"

அவள் அழுத்தினாள். "ரெண்டு," என்றான்.

"இன்னொரு தடவை முதுகுத் தண்ணி எடுத்தா நல்லது. என்ன சொல்றீங்க?"

"மாமா வரணுங்க."

"இந்த வார்டுல எல்லாருக்கும் மாமா வரணும். ஏரியில இருக்கிற மீனைவிட உங்க மாமாக்கள் கூட்டம் பெருசா இருக்கும் போல." அவர் சிரிக்கவில்லை. சீட்டொன்றைக் கிழித்து நீட்டினார். "வந்தன்னிக்கு எடுத்ததோட முடிவு இன்னும் வரல. ஆய்வகத்துல போய் வாங்கிட்டு வாங்க."

அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். எனெலேசி போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். அவனுடைய உள்ளங்காலின் வெதுவெதுப்பு விரலில் ஒட்டியிருந்தது. பொய் பலித்துவிட்டது; அது பலித்ததுதான் அவளை அச்சுறுத்தியது. பார்வையிழந்த ஒரு மனிதனைப் பார்வையுள்ளவனாக அவளே எழுதவைத்திருக்கிறாள்.

ஆய்வகத்தின் கம்பிச் சன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அடியே எனெலேசி! பாட்டுக்குழுவுல எப்பவும் ஒரு வரி பிந்தி வருவாளே, அவதானே நீ?"

லைனெஸ். முலாஞ்சே மலையடிவாரத்துத் தேவாலயத்தில் ஒரே வரிசையில் நின்று பாடியவர்கள் இருவரும்.

"நீ மட்டும் என்னவாம்? வாயை அசைச்சிட்டு மத்தவங்க குரல்ல பேரு வாங்கினவ."

"அதனாலதான் இப்போ வாய் பேசாததுங்களோட வேலை செய்யுறேன்." லைனெஸ் சீட்டை வாங்கினாள், பெயரைப் படித்ததும் சிரிப்பு அடங்கியது. "மசாவுகோ... உன் வீட்டுக்காரரா?" கதவைத் திறந்துவிட்டாள். "உள்ள வா. முடிவை வாயால சொல்றதுக்குப் பதிலா கண்ணால பாரு. மாணவங்களுக்காக இப்பத்தான் ஒரு சொட்டு வெச்சேன். அவரோட முதுகுத் தண்ணிதான்."

எனெலேசி நுண்ணோக்கியின்மேல் குனிந்தாள். முதலில் கறுப்பு மட்டுமே தெரிந்தது. பானையின் அடிக்கரிபோல அடர்ந்த கறுப்பு. பிறகு கறுப்பிலிருந்து ஒளிவட்டங்கள் எழுந்தன, பெரிதும் சிறிதுமாக. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறிய உருண்டை. சிலவற்றில் உருண்டையின் விலாவிலிருந்து ஒரு குட்டி முளைத்திருந்தது. அழகாக இருந்தன. அழகு என்று மனம் சொன்ன அதே நொடியில், இவையெல்லாம் அவன் தலைக்குள் இருக்கின்றன என்பது உறைத்தது. அவள் பின்வாங்கி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி இது?"

"பூஞ்சை. காளான் சாதிதான், கண்ணுக்குத் தெரியாத சிறுசு. தண்ணியில கறுப்பு மையைக் கலந்திருக்கேன். எல்லா இடத்துலயும் மை போயிருக்கு. அந்த வெள்ளை வளையத்துக்குள்ள மட்டும் போக முடியல. ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியுதுல்ல? அதுதான் அது போட்டிருக்கிற போர்வை."

"யாரு போட்டு விட்டா?"

"அதுவே நெய்யும். உள்ள உட்கார்ந்துக்கிட்டு சர்க்கரையோட சர்க்கரையைக் கோத்து நூல் திரிக்கும். அந்த நூலைப் பொடிப்பொடிப் பையில கட்டித் தன் சுவத்தைத் தாண்டி வெளிய தள்ளும். வெளிய வந்த நூல் சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு ஒண்ணு மேல ஒண்ணாப் பின்னிக்கும். நம்ம உடம்போட காவலாளிங்க அதை விழுங்க வருவாங்க. பிடி கிடைக்காது. வழுக்கிட்டுப் போயிடும்."

"வரும்போதே இப்படியா வருது?"

"இல்ல. மண்ணுல, மரப்பொந்துல, புறா எச்சத்துல கிடக்கிறப்ப அதுக்கு மெல்லிசு உடுப்புதான். மூச்சுல உள்ள போனப்புறம்தான் தடிக்க ஆரம்பிக்கும். நம்ம உடம்புச் சூடு, நாம வெளிய விடுற கெட்ட காத்து, இரும்புச்சத்து கிடைக்காத பஞ்சம், இதெல்லாம் பட்டதும் நெய்யு நெய்யுன்னு நெய்யும். சிலது யானை மாதிரி வீங்கிடும்."

"அப்போ அதுவும் பயப்படுதா?"

லைனெஸ் கண்ணாடித் துண்டைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "பயம்னு எங்க பாடத்துல இல்ல. பயந்தவங்க செய்யறதைச் செய்யுது, அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"நான் இன்னிக்கே தேத்தண்ணியில சர்க்கரையை நிறுத்திடுறேன்."

"நிறுத்து. உன் புருஷன் மெலிவாரு, அது மெலியாது. அவரு உடம்புலயே அதுக்கு வேணுங்கிற சர்க்கரை கிடக்கு, போடி." கண்டிப்பும் பரிவும் கலந்த குரலில் அவள் தொடர்ந்தாள். "கேளு. இது போர்வையைப் போட்டுக்கிட்டுச் சும்மா இருக்கிற சாதி இல்ல. உரிச்சு உரிச்சு எறியும். சோடா உப்பு போட்டு வெண்டைக்காய் ஆக்குவோமே, கரண்டியைத் தூக்கினா நூல் நூலா வருமே, அந்தக் கொழகொழப்பு. மண்டைக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். பொடி ஓட்டைங்க வழியா வடியும். கொழகொழப்பு போய் அந்த ஓட்டைங்கள அடைச்சிடும். தண்ணி ஊறுறது நிக்காது. மருந்து பூஞ்சையைத்தான் கொல்லும். மண்டைத் தண்ணியும் முதுகுத் தண்ணியும் ஒண்ணுதான்; முதுகு ஊசியைத் தவிர அதை யாரு இறக்குறது?"

எனெலேசி திரும்பி நுண்ணோக்கியைப் பார்த்தாள்.

"கண்ணு தெரியுதா அவருக்கு?"

எனெலேசி தலையைக் குனிந்துகொண்டாள். லைனெஸுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"ஊசி போட்டா சாவாங்க, லைனெஸ். நான் பார்த்தேன்."

"கழுத்து மரக்கட்டை ஆன அப்புறம் திரையை இழுக்க விடுறீங்க. அப்புறம் ஊசி கொன்னுடுச்சுங்கிறீங்க. ஒண்ணு சொல்லு. உன் வீட்டுக்காரரு நினைவு இல்லாம வந்தாரு. நீ வந்தப்ப எப்படி இருந்தாரு?"

"உட்கார்ந்திருந்தாரு. சோளம் கேட்டாரு."

"எதனால?"

"மஞ்சள் மருந்தாலதான்."

"மஞ்சள் மருந்தை எப்போ ஏத்தினாங்க? உன் கண்ணு முன்னாலதானே?"

எனெலேசி நாள்களை எண்ணிப் பார்த்தாள். மறுநாள்தான் ஏற்றினார்கள். அவன் சோளம் கேட்டபோது அவன் உடம்புக்குள் ஒரு சொட்டு மருந்தும் போயிருக்கவில்லை. போனது ஊசி மட்டும்.

"உறுதியா எழுந்திருவாருன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள் லைனெஸ், முடிவுச் சீட்டை நீட்டியபடி. "பார்வை திரும்பும்னும் சொல்ல மாட்டேன். தாமதிச்சா என்ன ஆகும்னு மட்டும் எனக்குத் தெரியும்."

வார்டுக்குத் திரும்பும் வழியில் முடிவுச் சீட்டை இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டாள். அதைக் கொடுத்தால் ஊசி போட்ட கதை வார்டுக்குள் வெளிப்பட்டுவிடும். மசாவுகோவின் முகத்தைத் துடைக்கக் குனிந்தபோது தன் மூச்சு அவன்மேல் படுவதை உணர்ந்து சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே விடும் காற்றில் அது தடிக்கும் என்று லைனெஸ் சொன்னாளே; தன் மூச்சல்ல, அவன் உடம்புக்குள் தேங்கிய காற்றுதான் அது என்று அறிவு திருத்தியது. அச்சம் அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. அவள் மூச்சை அடக்கியபடியே அவன் கன்னத்தைத் துடைத்தாள்.

கலிம்புகா மாமா பிற்பகல் பார்வை நேரத்தில் வந்தார். நெடிய மனிதர், பயணத் தூசு படிந்த கோட்டு. எனெலேசி அவர்கள் வழக்கப்படி முழந்தாளிட்டுக் கைதட்டி வணங்கினாள். அவர் மருமகனின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்; நெடுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு அவளைச் சமையல் கொட்டகைக்கு அழைத்தார். அங்கே டொரிகா உட்பட நாலைந்து பெண்கள் களி கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

"காலையில டாக்டரு பார்த்துட்டுப் போனதும் வீட்டுக்குக் கூட்டிப் போறோம். தோட்டத்து வண்டிக்குச் சொல்லியாச்சு."

"மாமா, அந்த முதுகு ஊசியை இன்னொரு தடவை..." அவள் சட்டென்று நிறுத்தினாள். "போட்டா நல்லதுன்னு ஆய்வகத்துல சொல்றாங்க."

"ஆய்வகத்துல." அவர் ஒரு மரத்துண்டில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தன் வலக்கைப் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான், பொண்ணே. இவன் அண்ணன், பெரியக்கா மகன். அவனுக்கு ஊசி போடணும்னாங்க. சம்மதம்னு சொல்ல இந்த விரலைத்தான் மைப்பெட்டியில வெச்சேன். அன்னிக்கே சவப்பெட்டியில கொண்டு போனோம். அந்த அக்கா இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசுறதில்ல."

"அவருக்கு எத்தனை நாளா வலிச்சிருந்துது, மாமா?"

"தெரியாது. அவன் சொல்லவே இல்லையே. குறைஞ்சிருக்கு, குறைஞ்சிருக்குன்னுதான் சொல்லிட்டு இருந்தான்."

சொன்ன வாக்கியம் அவர் காதிலேயே எப்படி விழுந்ததோ, அவர் எழுந்துவிட்டார். "இவனுக்கு நான் விரல் வைக்க மாட்டேன். வேற யாராவது வெச்சு இவன் செத்தா, எங்க ஆட்கள் அவங்களைக் கொலைகாரின்னுதான் சொல்லுவாங்க. நான் தடுக்க முடியாது."

அவர் போனபின் டொரிகா களிக்கரண்டியைத் தட்டி வைத்தாள். "மாமா சொல்றதுதான் சரி, தங்கச்சி. உன் பிள்ளைங்களை நினை. புருஷனைக் கொன்னவன்னு பேரு வாங்கிட்டு எந்தச் சந்தையில போய் உட்காருவ?"

"அக்கா, உன் மகனுக்குத் தலை எப்படி இருக்கு?"

டொரிகா அவளை வெறித்துப் பார்த்தாள். களி தீய்ந்து மணம் எழுந்தது; அப்போதும் அவள் கரண்டியை எடுக்கவில்லை. "குறைஞ்சிருக்கு," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை மசாவுகோ இருமுறை வாந்தியெடுத்தான். அவன் கண்கள் மூக்கை நோக்கித் திரும்பி நின்றன. எனெலேசி குனிந்தபோது, அவன் அவளுடைய காதைத் தேடித் தடவிக் கண்டுபிடித்து, அதற்குள் பேசினான்.

"மண்டைக்குள்ள யாரோ தண்ணி ஊத்திட்டே இருக்காங்க. நிறுத்தச் சொல்லு."

"சொல்றேன்."

"டாக்டருகிட்ட சொல்லிடாத." குரல் உடைந்தது. "திரையை இழுத்துடுவாங்க."

அவன் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றியிருந்த விதத்தில், இவன் தன்னை நம்புகிறான் என்பதை அவள் அறிந்தாள். எதற்காக நம்புகிறான் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மௌனமாக இருந்தால், அவன் நம்பியபடியே வண்டியில் ஏறுவான். மலைப்பாதையின் ஏதோ ஒரு திருப்பத்தில் அந்தத் தண்ணீர் வேலையை முடித்துவிடும். ஊர் அவள்மீது ஒரு பழியும் சொல்லாது. பேசினால் திரை இழுக்கப்படும். திரைக்குப் பின்னால் அவன் இறந்தால் அவனைக் கொன்றது அவளுடைய நாக்கு. பிழைத்தாலும்கூட அவன் கெஞ்சியதை அவள் மீறியது மீறியதுதான். எந்தப் பக்கம் பார்த்தாலும் அச்சமே நின்றது. ஒரு பக்கத்து அச்சத்தில் மட்டும், சுவரில் சாய்ந்து சோளம் கேட்ட ஒரு மனிதன் இருந்தான்.

யாங்கோ வந்தார். மாமா கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு தலைமாட்டில் நிமிர்ந்து நின்றார். கட்டில்களுக்குக் கீழேயிருந்து பெண்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டே கவனித்தார்கள்.

"தலை எப்படி இருக்கு?"

"குறைஞ்சிருக்குங்க," என்றார் மாமா. "நாங்க வீட்டுக்குக் கூட்டிப் போறோம்."

"நீங்கதான் மாமாவா? நல்லது. அப்போ கையெழுத்துப் போட்டுட்டு..." யாங்கோ பேனாவை எடுத்தார்.

எனெலேசி எழுந்து நின்றாள். மசாவுகோ அவள் மணிக்கட்டை விடவில்லை. அதனால் அவன் கையும் அவளோடு உயர்ந்தது. இடுப்பிலிருந்து முடிவுச் சீட்டை உருவி நீட்டினாள். டொரிகா தலையை இடமும் வலமுமாக அசைத்தாள், மெதுவாக, கெஞ்சுகிறவளைப்போல.

"அவருக்குத் தலை வலிக்குது," என்றாள் எனெலேசி.

"பொண்ணே!" என்றார் மாமா.

யாங்கோ பேனாவை இறக்கினார். "என்ன சொன்னீங்க?"

ஜன்னலோரம் வரைக்கும், வாசலில் நின்ற துப்புரவுப் பெண் வரைக்கும் கேட்கும்படி, இம்முறை உரக்கச் சொன்னாள்.

"என் புருஷனுக்குத் தலை வலிக்குது, டாக்டர். ரொம்ப வலிக்குது. ஞாயித்துக்கிழமையிலிருந்து வலிக்குது. கண்ணு சுத்தமாத் தெரியல. நேத்து விரலை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வந்தன்னிக்கு ஊசி போட்டீங்களே, அதுக்கப்புறம்தான் எழுந்து உட்கார்ந்தாரு. திரையை இழுங்க."